படிக்கத் தேவையில்லாத கம்ப்யூட்டர்

ஆடி மாதம் முதல் செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. விளக்கேற்றி, சாமிக்குச் சாம்பிராணி காட்டி, அந்தத் தட்டோடு அப்படியே முன்னறைக்கு வந்து எம்பிராய்டரி மிஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு சுற்றுக் காட்டிவிட்டுத்தான் நான் சுவிட்சைப் போடுவேன். அன்றைக்கும் அப்படித்தான் போட்டேன். உள்ளே விசிறி ஒரு சுற்று சுற்றி நின்றுவிட்டது. சாம்பிராணி வாசனையையும் தாண்டிக்கொண்டு ஒரு கருகின வாடை வந்தது.

"என்னங்க" என்று கூப்பிட்டேன். பல் விளக்கிக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷோடு வந்தார். பெட்டியின் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார்.

"போச்சுடி. போர்டு போச்சு."

திரும்பிப் போய் வாய் கொப்பளித்தார். ரொம்ப நேரம் கொப்பளித்துக்கொண்டே இருந்தார். நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

எங்கள் வீடு பெங்களூர் ஆஸ்டின் டவுனில். முன்னறையை ஒரு எம்பிராய்டரி மிஷின் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரில் அவர் டிசைன் போடுவார். எங்கள் தொழிலில் அதைப் பஞ்சிங் என்பார்கள். நூல் எங்கே தொடங்க வேண்டும், எந்தப் பக்கமாகப் படுக்க வேண்டும், எங்கே அறுக்க வேண்டும் என்று ஒவ்வொரு தையலாகச் சொல்லி வைக்க வேண்டும். மிஷின் அதைக் கேட்டுத் துணியில் தைக்கும். ரவிக்கைக் கை, ஸ்கூல் பேட்ஜ், கோயில் வஸ்திரம் எல்லாம் இப்படித்தான். அவர் பீன்யா தொழிற்பேட்டையில் வேலை பார்த்த கம்பெனியை மூடினபோது இந்த மிஷினும், கம்ப்யூட்டரும், அதிலிருந்த டிசைன் புரோகிராமும் எங்களிடம் வந்து சேர்ந்தன. அந்தப் புரோகிராம் எக்ஸ்பி என்கிற பழைய சிஸ்டத்தில் மட்டும்தான் ஓடும். அதைச் செய்தவர்களே இப்போது இல்லை என்று சொல்வார்.

பழசு போனால் புதுசு வாங்கிக்கொள்வதுதானே என்று யாரும் கேட்பார்கள். எங்களால் முடியாததற்குக் காரணம் வேறு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலை அவர் வழக்கம்போல நாள் காலண்டரில் தாளைக் கிழித்துவிட்டு ராகுகாலம் பார்க்க நின்றார். நின்றவர் நகரவே இல்லை. நான் இட்லித் தட்டை இறக்கிக்கொண்டே "என்ன, இன்னைக்கு ஏகாதசியா?" என்று கேட்டேன்.

"இது எந்த ஊர்க் காலண்டர்டி? தமிழ்க் காலண்டர் என்னாச்சு?" என்றார்.

அது தமிழ்க் காலண்டர்தான். மளிகைக் கடையில் கொடுத்தது. தலைவலி என்றார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூளையின் பின்பக்கத்துக்கு ரத்தம் போகிற குழாயில் அடைப்பு என்றார்கள். கை கால் ஒன்றும் ஆகவில்லை. பேச்சு போகவில்லை. என்னைத் திட்டுவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் படிப்பு போய்விட்டது. தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றும் படித்தவர். இப்போது எந்த எழுத்தைக் காட்டினாலும் கோலத்தைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். வலது பக்கத்துப் பார்வையிலும் கொஞ்சம் குறைந்துவிட்டது. எழுதச் சொன்னால் எழுத வரும், ஆனால் எழுதியதை அவராலேயே படிக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். இப்படியும் ஒரு வியாதி உண்டா என்று எனக்கு நம்பவே முடியவில்லை. டாக்டர் பேனாவைக் கொடுத்தார். இவர் தன் பேரை எழுதினார். அது என்ன என்று கேட்டதும் தாளைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்தார். அதற்கப்புறம் வீட்டில் அவர் பேனாவைத் தொடவில்லை.

வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது என்றார். வாடிக்கைக்காரர்கள் சீட்டு எழுதிக்கொண்டு வந்தால் "கண்ணாடி உள்ளே இருக்கு, நீங்களே சொல்லுங்க" என்பார். பஸ் போர்டு படிக்க முடியாததால் நடந்தே போவார். அவர் வாழ்க்கையில் மிச்சம் இருந்தது அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றுதான். அந்தத் திரையில் எது எங்கே இருக்கிறது என்று அவர் கைக்குத் தெரியும். இடது ஓரம் மேலிருந்து நாலாவது சதுரம் என்றால் நிரப்புத் தையல். அதற்குக் கீழே உள்ளது ஓரத் தையல். எதையும் படிக்கவே தேவையில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்தாம் நாள் அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு மாங்காய் டிசைன் போட்டுக் காட்டினார். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

அதனால்தான் போர்டு போச்சு என்று அவர் சொன்னதற்கப்புறம் நான் தட்டை வைத்துவிட்டு நேரே ரிப்பேர் கடைக்கு ஓடினேன்.

எங்கள் தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் நாற்பது வயசுக்காரர். வீட்டில் உருது, கடையில் கன்னடம், எங்களிடம் தமிழ். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அக்கா, இதை மியூசியத்துக்குக் கொடுத்தா டிக்கெட் இல்லாம உள்ள விடுவாங்க."

"பழைய போர்டு வேற கிடைக்காதா?"

எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைகள் முழுவதும் தேடி ஒன்று கொண்டுவந்தார். மூன்று நாள் ஓடியது. இன்னொன்று கொண்டுவந்தார். அது ஒரு மத்தியானம் ஓடியது. "அந்தக் காலத்துப் போர்டுக்கெல்லாம் வயசாயிடுச்சு அக்கா. நம்மள மாதிரி" என்றார். பிறகு அவரே ஒரு புது கம்ப்யூட்டரையும், இப்போது எல்லோரும் வைத்திருக்கிற புது டிசைன் புரோகிராமையும் கொண்டுவந்து வைத்து, "அண்ணா, சும்மா பாருங்க. ஒரு வாரத்துல பழகிடும்" என்றார்.

அவர் போனதும் இவர் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். திரை பளபளவென்று இருந்தது. எங்கே தொட்டாலும் ஒரு குட்டிப் பெட்டி திறந்து ஏதோ கேட்டது. அதில் எழுத்து, எழுத்துக்குள் எழுத்து. அவர் கை பழைய இடத்துக்குப் போகும், அங்கே வேறு ஏதோ இருக்கும். ஒரு பூ போட ஆரம்பித்து, அது எங்கோ காணாமல் போனது.

"இது என்ன கேக்குது?"

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள், அதுவும் தமிழில். இங்கிலீஷ் எழுத்துத் தெரியும். கூட்டிப் படிப்பதற்குள் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"விடு. எனக்கு இன்னாத்துக்கு இந்த வேலை. வாட்ச்மேன் வேலைக்குப் போறேன். அங்கயும் ரிஜிஸ்டர்ல எழுதச் சொல்லுவான்." எழுந்துபோய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த நாளும் படுத்திருந்தார். அதற்கடுத்த நாளும். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிட்டுப் போய்ப் படுப்பார். கோயிலிலிருந்து தர்மகர்த்தா வீட்டம்மா வந்து, நாலாவது வெள்ளிக்கிழமைக்கு அம்மன் பாவாடைக்கு ஓரம் தைத்துத் தர வேண்டும் என்று பட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். உள்ளே படுத்திருப்பவரைப் பார்த்து "உடம்பு சரியில்லையா?" என்றார்கள். "லேசா ஜுரம்" என்றேன். அம்மன் துணியைக் கையில் வாங்கிக்கொண்டே பொய் சொன்னேன்.

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போய் உட்கார்ந்தேன். ஆத்தா, நான் தங்கம் கேட்கவில்லை, வைரம் கேட்கவில்லை. புது கம்ப்யூட்டரில் பழைய சிஸ்டம் ஏற வேண்டும், அவ்வளவுதான் என்று வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதலை அவள் அதற்கு முன்னால் கேட்டிருப்பாளா தெரியாது. எனக்கே சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் கடைக்காரரிடம் கேட்டேன்.

"புதுசுல பழசு ஏறுமா?"

"ரொம்பப் புதுசுல ஏறாது அக்கா. ஒரு ஏழெட்டு வருஷத்துக்கு முந்தின போர்டுன்னா ட்ரை பண்ணலாம். ஆனா சும்னே டைம் வேஸ்ட்" என்று கன்னடமும் கலந்து சொன்னார்.

அப்படி ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து, புது கம்ப்யூட்டரைத் திருப்பி எடுத்துக்கொண்டார். கடையிலேயே ஒரு தடவை முயற்சி செய்தார். நீலத் திரை வந்து நின்றுவிட்டது. அவருக்குக் கடை முழுக்க வேலை. "அண்ணனுக்குத் தெரியாததா? பீன்யாவுல இவரே எத்தனை கம்ப்யூட்டருக்கு சிஸ்டம் ஏத்தினவர். வீட்டுல வச்சு நிதானமா பாக்கட்டும்" என்று பெட்டியை என்னிடம் கொடுத்தார். இவருக்குப் படிக்க வராது என்பது அவருக்குத் தெரியாது.

பெட்டியை இடுப்பில் தூக்கிவந்து இறக்கி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவரிடம் போய்ச் சொன்னேன்.

"எழுந்திருங்க. உங்களுக்குத் தெரியும், எனக்குப் படிக்க வரும். ரெண்டும் சேர்ந்தா ஒரு ஆள் ஆகும்."

"உன் இங்கிலீஷை நம்பியா?"

"வேற யாரு இருக்கா?"

எழுந்து வந்தார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவோம். சிஸ்டம் ஏற்றுகிற சி.டி. எங்கள் சாமி அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் இருந்தது. வீட்டுப் பத்திரமும் அங்கேதான் இருக்கிறது. விபூதி படிந்திருந்ததைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டோம். முதல் நாள் கீபோர்டே வேலை செய்யவில்லை. பழைய கம்ப்யூட்டரின் உருண்டைப் பின் வைத்த கீபோர்டைச் செருகினதும் வேலை செய்தது. "பழையவனுக்குப் பழையவனைத்தான் தெரியுது" என்றார். அதற்கப்புறம் நீலத் திரை. வெள்ளை எழுத்தில் இங்கிலீஷில் நாலைந்து பத்தி.

"படி."

"ஏ... பி ஆர் ஓ பி..."

"ப்ராப்ளம். மேலே போ."

நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வேன். அவர் அதைச் சேர்த்து வார்த்தையாக்கிக்கொள்வார். ஒரு வரி முடிவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். ஒரு பத்தியைப் படித்து முடிக்க அரைமணி. முடிந்ததும் அவர் யோசிப்பார். மெமரியைக் கழற்றி மாற்றிப் போடுவார். சி.டி.யைத் துடைப்பார். மறுபடியும் ஆரம்பத்திலிருந்து. மறுபடியும் அதே நீலம். நாலு மத்தியானம் இப்படிப் போனது. எனக்கு முதுகு ஒடிந்தது. அவர் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போனது. வாசலில் யாராவது கூப்பிட்டால் "ஆள் இல்லை" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தேன். ஆள் இல்லாத வீட்டில் யார் பேசுவது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஐந்தாம் நாள் அவர் திடீரென்று கேட்டார்.

"இதுல நம்பர் எதுவுமே இல்லையா?"

"இருக்கு. கடைசியில."

"அதை ஏன்டி படிக்கல?"

"வெறும் சைபரா இருக்கு. சைபரைப் போய் என்னத்தைப் படிக்கிறது?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடியே, அதுலதான் எல்லாமே இருக்கு. உங்கப்பன் உன்னை எந்த ஸ்கூல்ல சேர்த்தான்?"

"கோலார் தங்கவயல்ல. அங்க சைபருக்கு மதிப்பு இல்லைன்னுதான் சொல்லிக்கொடுத்தாங்க."

"படிடி."

சைபரை எல்லாம் எண்ணிப் படித்தேன். கடைசியில் ஏழும் ஒரு பி எழுத்தும் இருந்தன. அதைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏழு பியா? அப்போ அவனுக்கு டிஸ்க்கே தெரியல. புது டிஸ்க் பேசுற பாஷை பழைய சிஸ்டத்துக்குப் புரியாது. பழைய மாதிரி பேசுன்னு உள்ளே போய்ச் சொல்லணும்."

உள்ளே போவது என்றால், கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போதே ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அப்போது வேறொரு திரை வந்தது. அதில் ஐம்பது வரி. ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டினேன். எஸ், ஏ, டி, ஏ என்று வந்ததும் "நில்லு" என்று கத்தினார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அதற்கு எதிரில் இருந்ததை மாற்றி, ஐ டி ஈ என்று வரும் வரைக்கும் பட்டனை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். வெளியே வந்து சி.டி.யைப் போட்டோம். நீலத் திரை வந்தது. ஆனால் நிற்கவில்லை. கீழே மஞ்சளாக ஒரு கோடு மெதுவாக நகர ஆரம்பித்தது.

நான் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கோடு இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது.

சந்தோஷப்படுவதற்குள் அடுத்த இடி. இன்னும் முப்பத்துச் சொச்சம் நிமிஷம் என்று காட்டிக்கொண்டே ரொம்ப நேரம் நின்றது, பிறகு ஒரு பெட்டியைத் திறந்து சாவி நம்பர் கேட்டது. ஐந்து ஐந்தாக இருபத்தைந்து எழுத்து.

"பழைய பெட்டியில ஒரு பளபளன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் பாரு, அதுல இருக்கு" என்றார்.

அந்த ஸ்டிக்கர் எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மிஷினுக்கும், கத்தரிக்கும், கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது நான்தான். கறுப்புப் பெட்டியில் பொட்டு எடுப்பாகத் தெரியாது என்று அந்தப் பளபளப்பு ஸ்டிக்கரில்தான் வைப்பேன். நெற்றி மாதிரி அதுதான் சரியான இடமாக இருந்தது. மறுநாள் ஈரத் துணியால் அழுத்தித் துடைப்பேன். பன்னிரண்டு வருஷம். ஸ்டிக்கரின் இரண்டு ஓரத்திலும் எழுத்து இருந்தது. நடுவில் குங்குமச் சிவப்பு மட்டும் ஊறிப்போய் இருந்தது.

"என்ன, நம்பர் இருக்கா?"

"ஓரத்துல இருக்கு."

"நடுவுல?"

"நடுவுல... பொட்டு வச்சுட்டேன்."

அவர் அந்தச் சிவப்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார். "பக்தி கண்ணை மறைக்கும்னு சொல்வாங்க. உன் பக்தி என் நம்பரை மறைச்சுடுச்சு."

நான் அழுதுவிட்டேன். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அவ்வளவு அசதி. சாமிக்கென்று செய்ததே கெடுதலாகப் போய்விட்டதே, இனி நான் எதைச் செய்வது என்று தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் நாற்காலியிலிருந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பென்சில் குடு" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"குடுடி. பீன்யாவுல எத்தனை தடவை இந்த நம்பரை அடிச்சிருக்கேன் தெரியுமா? வைரஸ் வந்தாலும் நான்தான், கரண்ட் போனாலும் நான்தான். இதே சி.டி.தான் அங்கேயும்."

பாவாடைத் துணி சுற்றி வந்த தாளைத் திருப்பிப் போட்டுப் பென்சிலைக் கொடுத்தேன். அவர் ஒரு தடவை தாளைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டே எழுதினார். ஐந்து எழுதுவார், ஒரு கோடு போடுவார், மறுபடி ஐந்து. வரி மேலேயும் கீழேயுமாக ஏறி இறங்கியது. இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவர் கையெழுத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். மாறவே இல்லை. எழுத்துக்களின் தலையை மட்டும் பெரிதாகப் போடுகிற அதே கையெழுத்து.

ஓரத்தில் இருந்த எழுத்துக்களை ஸ்டிக்கரோடு ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தன. பூராவையும் அடித்தேன். தப்பு என்று வந்தது. மறுபடி அடித்தேன். மறுபடி தப்பு.

"மூணாவது கட்டுல ரெண்டாவது, இது ஜியா, ஆறா?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படிடி தெரியும்? நானா படிக்கிறேன்?"

நான் பயந்துபோய்ப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஸ்ட்ரோக் வந்த நாளிலிருந்து அதைப்பற்றி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. மறுபடியும் கண்ணை மூடி, விரலால் காற்றில் எழுதிப் பார்த்தார். இரண்டு தடவை எழுதினார். "மேலே ஆரம்பிச்சுச் சுத்திக்கிட்டு வந்து, வால் உள்ளே ஒடியுது. ஜி."

ஜி அடித்தேன். பெட்டி மூடிக்கொண்டது. கொஞ்சம் பொறுத்து, எக்ஸ்பியின் அந்தப் பச்சை மேடும் நீல வானமும் திரையில் வந்தன.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் மேடும் வானமும் குண்டு குண்டாக, பிதுங்கிக்கொண்டு இருந்தன. படம் எல்லாம் பெரிசு பெரிசாக இருந்ததால் திரையில் பாதிதான் தெரிந்தது. டிசைன் புரோகிராமையும் ஏற்றித் திறந்தால் இடது ஓரத்து நாலாவது சதுரம் திரைக்கு வெளியே போய்விட்டது. அவர் மௌஸைப் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். "இது என் இடம் இல்ல" என்றார். படுக்கப் போய்விடுவாரோ என்று பயந்தேன். போகவில்லை. "கடைக்காரரைக் கூப்பிடு. பழைய டிஸ்ப்ளே கார்டு ஒண்ணு வேணும். புரோகிராமுக்குப் பூட்டு மாதிரி பின்னால செருகுற டப்பா ஒண்ணு இருக்கே, இந்தப் பெட்டியில அதுக்கு வாய் இல்ல. அது இல்லாம புரோகிராம் திறக்கும், டிசைனை மிஷினுக்கு அனுப்பாது. அதுக்கும் ஒரு கார்டு வேணும்."

கடைக்காரர் மறுநாள் காலையில் வந்தார். திரையைப் பார்த்ததும் வாயில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, ஏறிடுச்சா! எப்படிண்ணா?"

"உங்கக்கா சைபரைப் படிச்சா."

அவருக்குப் புரியவில்லை. கொண்டுவந்திருந்த கார்டுகளில் இரண்டை எடுத்து இவரிடம் நீட்டினார். "எது எக்ஸ்பிக்குப் போகும்னு பின்னால எழுதியிருக்கும், பாருங்கண்ணா."

கண்ணாடி உள்ளே இருக்கிறது என்று சொல்லப் போகிறார் என்று நினைத்து நானே கையை நீட்டினேன். அவர் என் கையை விலக்கினார்.

"எனக்குப் படிக்க வராது. ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்ட்ரோக் வந்துச்சு. அதுல போயிடுச்சு. நீயே படிச்சுச் சொல்லு."

கடைக்காரர் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சரிண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கார்டைத் திருப்பிப் படித்துக் காட்டினார். பிறகு மத்தியானம் வரைக்கும் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டேதான் வேலை செய்தார். தேவையில்லாததையும் படித்தார். ஒரு கார்டில் ஒட்டியிருந்த எஸ்.பி. ரோடு கடை ஸ்டிக்கரைக்கூடப் படித்தார். இவர் "போதும்பா, கண்ணு போச்சுன்னா காதும் போச்சா" என்று சொல்லும் வரைக்கும் விடவில்லை.

கார்டு போட்டதும் மேடு ஒழுங்காக உட்கார்ந்தது. பழைய சதுர மானிட்டரையே மாட்டினோம். ஆனால் புரோகிராமைத் திறக்கிற குட்டிப் படங்கள் எல்லாம் வேறு வேறு இடத்தில் இருந்தன. எது எங்கே இருக்க வேண்டும் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார், நான் ஒவ்வொன்றாக இழுத்து வைத்தேன். இடது ஓரம் மேலிருந்து மூன்றாவது டிசைன் புரோகிராம். அதற்குக் கீழே ஒரு இடம் காலி. காலி இடம் எதற்கு என்றேன். "அங்க என்னவோ இருந்துச்சு. இப்போ தேவையில்ல. ஆனா அது காலியா இருந்தாத்தான் எனக்கு அடுத்தது கிடைக்கும்." காலியாக விட்டேன்.

பிறகு உட்கார்ந்தார். புரோகிராம் திறந்தது. கை மேலே போனது, நின்றது, இன்னும் கொஞ்சம் மேலே போனது. நாலாவது சதுரம். தட்டினார். திரையில் ஒரு இதழ் வந்தது. அழித்தார். மறுபடி போட்டார். கிட்டத்தட்ட மூன்று வாரம் கை விட்டுப் போனதில் தடுமாறினார். வலது பக்கம் போகும்போது தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மூன்றாவது இதழில் தடுமாற்றம் நின்றது.

"வருதா?" என்று கேட்டேன்.

"கத்தாதே. எண்ணிக்கிட்டிருக்கேன்."

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். முருகன் படத்தின் முன்னால் நின்று கும்பிட்டேன். நன்றி என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை. சும்மா கை கூப்பிக்கொண்டு நின்றேன். முன்னறையில் மௌஸ் தட்டுகிற சத்தம் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

பாவாடை ஓரத்துக்கு மல்லிகைக் கொடி போட்டார். முடிக்க மூன்று நாள் ஆனது. முன்பெல்லாம் ஒரே நாளில் முடிப்பார். நூல் நான்தான் மாற்றினேன். ஒரு இடத்தில் கொடி தவறிப்போய், பிரித்துத் தைத்தோம். வியாழக்கிழமை சாயங்காலம்தான் முடிந்தது. ஓரம் அடித்து, மடித்து, மஞ்சள் பையில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பேருமே குளித்து, பையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனோம். பூசாரி வாங்கிக்கொண்டார். அபிஷேகம் முடிந்ததும் அலங்காரத்துக்காகத் திரை போட்டார்கள். கூட்டம் நிறைய. தூண் ஓரமாக இடம் கிடைத்து உட்கார்ந்தோம். தவிலும் நாதஸ்வரமும் பக்கத்திலேயே. அந்தச் சத்தத்தில் யாருக்குத் தூக்கம் வரும்? எனக்கு வந்தது. அவர் தோளில் சாய்ந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

யாரோ முழங்கையைத் தட்டியபோது கண் விழித்தேன். தர்மகர்த்தா வீட்டம்மா குனிந்து நின்றார்கள். கூட்டம் இல்லை. எங்கள் முன்னால் இரண்டு தொன்னையில் கூழ் வைத்திருந்தது. மத்தியான நடை சாத்தித் திரை மறுபடி மூடியிருந்தது. என் பக்கத்தில் அவர் தூணில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

"எழுப்ப மனசு வரல" என்றார்கள் அந்தம்மா. "அப்படித் தூங்கினீங்க ரெண்டு பேரும்."

அவரை உலுக்கினேன். முழித்துப் பார்த்து, திரையைப் பார்த்து, "கட்டினாங்களா?" என்றார்.

"கட்டினோம். கொடி ரொம்ப எடுப்பா இருந்துச்சு. எல்லாரும் யார் போட்டதுன்னு கேட்டாங்க" என்றார்கள் அந்தம்மா.

"சாயங்காலம் வந்து பார்க்கலாமாங்க?" என்று இவரிடம் கேட்டேன்.

"சாயங்காலம் வேற கட்டிடுவாங்க" என்றார். அவருக்கு அதில் வருத்தம் இருந்த மாதிரித் தெரியவில்லை. கூழைக் குடித்தார். என்னுடையதிலும் பாதியைக் குடித்தார். தொன்னையைப் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு, "வா, ஸ்கூல் பேட்ஜ் ஒண்ணு நிக்குது" என்று முன்னால் நடந்தார்.

வெயில் சுள்ளென்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவர் முன்னறையில் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. நான் புடவைகூட மாற்றாமல் பாயில் விழுந்தேன். "ஏய், இந்தப் பேட்ஜ்ல என்ன எழுதியிருக்கு, வந்து படி" என்று கூப்பிட்டார்.

"ஒரு மணிநேரம் கழிச்சு" என்றேன். அவர் மறுபடி கூப்பிடவில்லை. பூவையும் ஓரத்தையும் முதலில் போட ஆரம்பித்துவிட்டார்.